கை வச்ச இடம்

— ஏ பாத்து, அழுத்தாம எப்படிச் சரியாவும்ங்கேன். கழுத்து மரக்கட்ட மாதிரி இறுகிப் போய் கெடக்கு எம் மவளுக்கு. தென்காசியில எலும்பு டாக்டர்ட்ட காட்டியாச்சு, மாத்திர தின்னாச்சு, பெல்ட்டு போட்டாச்சு, ஒண்ணுத்துக்கும் கேக்கல. நீ நல்லா இழுத்து விடுவேன்னுதான வடகரையில இருந்து இலஞ்சி வரைக்கும் கூட்டியாந்தேன்.

— இழுக்கணும்னா அருவிக்கரையில எண்ணெ தேய்க்குற ஆளுங்க இருக்காங்க மைனி. நான் இழுக்க மாட்டேன். சஃப்ரின், செருப்ப இங்கன கழட்டிட்டு மேல ஏறிப் படு, புள்ள. மல்லாக்க.

— தடவிக் குடுக்கதுக்கு வாசல்ல போர்டு வேற. ஹீலிங் டச்சாம்.

— எம் மவன் மாட்டுனது. 'மெதுவாத் தொடுவாள்'னு எழுதுலேன்னேன். அப்படிப் போட்டா ஒருத்தியும் உள்ள வர மாட்டான்னுட்டான்.

— சிரிக்காதட்டி சஃப்ரின், படு. கேளு பாத்து, வெள்ளிக்கிழம நிச்சயம். பொம்பளைய எல்லாம் வந்து ஒக்காரும்போது இவ கழுத்தக் கோணிக்கிட்டு கோழி பாக்க மாதிரி பாத்தா நல்லாவா இருக்கும்? மாப்பிள்ளையோட உம்மா மறுபடி வந்தன்னைக்கே கேட்டுட்டாங்க, புள்ளைக்கு விருப்பமில்லையா, மூஞ்சத் திருப்பிக்கிட்டே இருக்காளேன்னு. திருப்பிக்கலம்மா, திரும்ப மாட்டேங்குன்னு நான் சமாளிச்சு அனுப்புனேன்.

— நிச்சயமா? எங்க எடம்?

— ஒனக்குத் தெரியாதா? நம்ம உசாமாவுக்குத்தான்.

— ஷமீலா மாப்பிள்ளைக்கா?

— ஆமா, மூத்தவ மாப்பிள்ளைக்குத்தான். ஏன் இப்படிப் பாக்க? ஊரு ஒலகத்துல நடக்காததா? ஷமீலா மவுத்தாயி வருசம் திரும்பப் போவுது. அந்தப் பச்ச மண்ணுக்கு யாரு இருக்கா? வெளிய இருந்து ஒருத்தி வந்தா பேத்தியக் கண்ணுல காட்டுவாளா நமக்கு? சாச்சியே உம்மாவா வந்தா புள்ளைக்கும் நல்லது. எம் மவனும் அவரு லாரியத்தான் புளியறைக்கு ஓட்டுதான். எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணாப் போயிரும்.

— ...சரி மைனி.

— வேற யார்ட்டயும் வர மாட்டேன், பாத்து மாமிட்டதான் போவேன்னு இவ ஒத்தக் கால்ல நின்னா. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. நீ ஒரு வீட்டுல கண்டத இன்னொரு வீட்டுல பேசுதவ இல்ல. ஊருக்கே தெரியும் அது.

— நீங்க வெளிய பெஞ்சுல இருங்கோ மைனி. பக்கத்துல ஆள் இருந்தா ஒடம்பு எளகாது.

— பெத்தவ இருக்கக் கூடாதா?

— ஜெனி டீச்சர் வந்தாலும் அவ மாப்பிள்ள வெளியதான் ஒக்காருவாரு. எல்லாருக்கும் அதான்.

— சரி, சரி. கதவ முழுசாச் சாத்தாத என்னங்கேன்.

— சாரல் உள்ள அடிக்கும் மைனி. சாத்தித்தான் ஆவணும்.

— மாமி, உம்மா சொல்லுததப் பெருசா எடுத்துக்கிடாதீய. ஷமீலா லாத்தா போனதுல இருந்து அவ இப்படித்தான். வாய் ஓயாது. ஓஞ்சா அழுதுருவான்னு எனக்குத் தெரியும்.

— நான் ஒண்ணும் எடுத்துக்கிடல. கண்ண மூடிக்கோ. எங் கைய ஒங் கழுத்துக்கு அடியில வைக்கேன். நீ தலையத் தூக்கிக் குடுக்காத, கனமா விடு. ம்... விடச் சொன்னா தாங்கிப் புடிக்க. பாதித் தல இன்னும் ஒங்கிட்டதான் இருக்கு.

— எப்ப ஆரம்பிப்பீய?

— ஆரம்பிச்சாச்சு.

— கை சும்மாதான இருக்கு.

— சும்மா இல்ல. கேக்குது. ஒரு எடத்துல கைய வச்சுட்டு அவசரப்படாம இருந்தா, எங்க பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு ஒடம்பே காட்டும். நாம போயி முட்டி மோதுனா அது இன்னும் இறுக்கிக்கிடும். வீட்டுக்குள்ள யாராச்சும் பயந்து ஒளிஞ்சுகிட்டு இருந்தா கதவ ஒடச்சா வருவாங்க?

— கேரளாவுல படிச்சதா இது?

— அங்கன என்னத்தப் படிச்சேன். புளியறை செக்போஸ்ட்டத் தாண்டி ஒரு ரிசார்ட்டுல எண்ணெ உழிச்சலுக்கு ஆள் வேணும்னாங்க. எம் மாப்பிள்ள நெஞ்சு வலியில போனதும் அங்கதான் சேந்தேன். மேல இருந்த சேச்சி என்னயப் பாத்தாலே மொறைப்பா. பாத்து, கைக்கு பலம் போரா, பலம் பத்தாதுன்னு. வந்தவங்க அழுத்து அழுத்துன்னு சொல்லுவாங்க, எனக்கு அழுத்த வராது. சீசன் முடியுறதுக்குள்ள போகச் சொல்லிருவாங்கன்னுதான் இருந்தேன். அப்பதான் கோட்டயத்துல இருந்து ஒரு அம்மா வந்துச்சு. புத்து நோய்க்கு மார எடுத்துட்டாங்க. யாரு தொட்டாலும் அந்த அம்மா ஒடம்பு தூக்கிப் போடும். நான் அந்தத் தழும்பு மேல கைய வச்சுகிட்டு ஒக்காந்துட்டேன். வேற ஒண்ணும் செய்யல. தூங்கிருச்சு. எந்திரிச்சு, ஆபரேசனுக்கப்புறம் எம் மாப்பிள்ள கூட இங்கன கை வச்சதில்லன்னு மலையாளத்துல சொல்லிட்டு அழுதுச்சு. அதுக்கப்புறம் என்னயக் கேட்டு வர ஆரம்பிச்சாங்க.

— அப்ப அந்த மெதுவு எங்க இருந்து வந்துச்சு மாமி?

— அது எதுக்கு ஒனக்கு.

— ஊர்ல எல்லாரும் சொல்லுதாங்க. ஒங்க வாயால கேக்கணும்.

— சொன்னா எந்திரிச்சு ஓடிருவ. ஜெனி டீச்சருக்குத் தெரிஞ்சா இந்தக் கட்டில்ல படுக்கவே மாட்டா.

— நான் ஓட மாட்டேன்.

— மய்யித்துக் கழுவி வந்தது, செத்தவங்க ஒடம்பக் கழுவி. எங்க உம்மா வடகரையில பொம்பள மய்யித்தெல்லாம் குளிப்பாட்டுனவ. நான் பெரிய புள்ளயானதும் என்னயும் கூட்டிட்டுப் போனா. மொதப் போன வீட்டுல நான் அந்த அம்மா கையப் புடிச்சு வெடுக்குன்னு தூக்கிட்டேன். எங்க உம்மா எம் முதுகுல ஒண்ணு வச்சா. உசுரோட இருக்கவளுக்கு நொந்தா கத்துவா, இவ கத்த மாட்டா, அதனால இவள இன்னும் மெதுவாத் தொடுன்னா. தண்ணி, பச்சப் புள்ளைக்கு ஊத்துத சூட்டுல இருக்கணும். இலந்த எல போட்டு ஊறுன தண்ணி. ஒடம்பு மேல துணியப் போட்டு, துணிக்கு அடியில கைய விட்டுத்தான் கழுவுவோம். கண்ணு பாக்கக் கூடாத எடத்தக் கைதான் பாக்கணும். வெறச்ச வெரல நிமித்தவும் பலம் உதவாது. எங் கைச்சூடு எறங்குத வரைக்கும் புடிச்சுகிட்டு இருப்பேன், அதுவா நெகிழும். இங்கன வாரவங்களுக்கும் அதத்தான் செய்யுதேன்.

— தனியாவா கழுவுவீய?

— தனியா முடியாது. ஒருத்தி கழுவணும், ஒருத்தி தண்ணி ஊத்தணும். ஊத்துதவ எங் கைய விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது. கை போற எடத்துக்குத்தான் தண்ணி வரணும்.

— எங்க லாத்தாவையும் நீங்கதான் கழுவுனீய.

— ம்.

— ஒங்க கை நின்னுட்டு மாமி.

— நிக்கல. நீ மூச்சப் புடிச்சுகிட்ட. விடு.

— அன்னைக்கு என்னய அந்தப் பக்கமே விடல. கொமரிப் புள்ள எதுக்குன்னு சொல்லி, லாத்தா மவள எங் கையில குடுத்து அடுத்த வீட்டுல ஒக்கார வச்சுட்டாங்க. நான் வரும்போது கபன் துணி சுத்தி மூஞ்சி மட்டுந்தான் தெரிஞ்சுது. தாடைக்குக் கீழ பஞ்சும் துணியுமா இறுக்கி வச்சிருந்தீய. உம்மாவும் பாக்கலன்னா. பெத்த புள்ளைய அப்படிப் பாக்க மனசு தாங்கல, கழுவுததுக்குக் கட்டுன தார்ப்பா மறைப்புக்குப் பக்கத்துலயே போவலன்னு சொல்லிச் சொல்லி அழுவா. அதனால வீட்டுல யாருமே அவளக் கடைசியாப் பாக்கல. நீங்க மட்டுந்தான்.

— நானும் தண்ணி ஊத்துனவளும். அன்னைக்கு ஊத்துனவ கை நடுங்கி, பாதித் தண்ணி எம் மடியிலதான் விழுந்துச்சு.

— ஒங்க கூட எப்பவும் ஊத்த வார காசிம் பொஞ்சாதியா? அது எப்பவும் நடுங்குத ஆளுதான்.

— எடது தோள கீழ எறக்கு. காதுப் பக்கம் தூக்கி வச்சிருக்க பாரு. எப்ப இருந்து இப்படி?

— அவங்க வீட்டுல இருந்து வந்து என்னயக் கேட்டுட்டுப் போனாங்கல்ல, அதுக்கு மறுநா காலையில. எந்திரிக்கேன், கழுத்து திரும்பல. மாமி, நான் கழுத்துக்காவ இங்க வரல.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— கழுத்துக்கு வாரவங்க படுத்ததும் கண்ண மூடுவாங்க. நீ எம் மூஞ்சியவே பாத்துகிட்டு இருக்க.

— அப்ப சொல்லுங்க. அவ ஒடம்புல என்ன இருந்துச்சு?

— ஏட்டி, மெதுவாப் பேசு. கதவு பிளைவுட்டு.

— மெதுவாவே கேக்கேன். காலையில வீசிங் வந்து மூச்சு முட்டிருச்சு, காருல ஏத்துததுக்குள்ள போயிருச்சுன்னு சொன்னாங்க. அவளுக்குச் சின்னப் புள்ளயில இருந்தே வீசிங் உண்டு, நெசந்தான். வீசிங்குக்கு வாயில வச்சு இழுக்குற பம்ப்பு தலமாட்டுலயேதான் இருக்கும். அவ மாப்பிள்ள அன்னைக்கு அழுத அழுகையப் பாத்து ஊரே அழுதுச்சு. தங்கமான புள்ள, தங்கமான புள்ளன்னு இப்பவும் சொல்லுதாங்க. ஆனா போன சீசனுக்கு லாத்தா வீட்டுக்கு வந்திருந்தா. எல்லாரும் ஐந்தருவிக்குப் போனோம். சின்னதுல அவ தண்ணிய விட்டு வரவே மாட்டா, போலீஸ்காரம்மா விசிலடிச்சுதான் வெளிய இழுக்கணும். அன்னைக்கு அவ நனைய மாட்டேன்னுட்டா. காய்ச்ச அடிக்குன்னா. தொட்டுப் பாத்தேன், ஒண்ணும் சுடல. துணி நனஞ்சு ஒடம்போட ஒட்டுனா எதாச்சும் தெரிஞ்சுரும்னு பயந்தாளோன்னு இப்பத் தோணுது. அன்னைக்குத் தோணல.

— இத யார்ட்டயாச்சும் சொன்னியா?

— அண்ணன்ட்ட சொன்னேன். லாரி சாவியக் கையில வச்சுகிட்டு, நீ செத்தவளப் பத்திக் கத கட்டாதங்கான். உம்மாட்ட கேட்டேன். அவளுக்கு நெஜமாவே காய்ச்சட்டி, நாந்தான கஷாயம் வச்சுக் குடுத்தேன்னா. எனக்குக் கஷாயம் வச்ச ஞாபகம் இல்ல. மாமி, ஒங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழம நான் தலையாட்டணும். அந்த வீட்டுல அதே ரூமு, அதே கட்டிலு. நீங்க ஒண்ணுமில்ல, ஒடம்பு சுத்தமா இருந்துச்சுன்னு சொல்லுங்க. நான் அந்தப் புள்ளைக்கு உம்மாவாப் போறேன். எனக்கு ஆச இல்லாம இல்ல. அது என்னய ம்மான்னுதான் கூப்புடுது.

— என்னால அப்படிச் சொல்ல முடியாது.

— அப்ப இருந்துச்சு.

— அதயும் சொல்ல முடியாது. கேளு, புள்ள. கழுவுதவ மய்யித்து ஒடம்புல என்னத்தக் கண்டாலும் மறைக்கணும். அது நமக்கு மார்க்கத்துல சொன்னது. எங்க உம்மா மவுத்துப் படுக்கையில என்னய சத்தியம் பண்ணச் சொன்னா. கண்டத மய்யித்தோட சேத்து மண்ணுல போட்டு மூடிரு, வாயாலச் சொல்லாதன்னா. புள்ள பெறாதவ வயித்துல பெத்த தழும்பு இருக்கும். வீட்டுல மதிப்பா இருந்த பெரிய மனுசி ஒடம்பு எண்ணெத் தண்ணி காணாமக் கெடக்கும். நான் பேச ஆரம்பிச்சா அப்புறம் எவ எங் கைய நம்பிப் பெத்தவளையும் புள்ளையையும் குடுப்பா?

— அது அவங்க மானத்தக் காப்பாத்துததுக்கு. லாத்தா உசுரு போயிருக்கு மாமி. அவளுக்கு இதுல என்ன மானம் போவுது? ஒங்க சத்தியம் இப்ப யாரக் காப்பாத்துது?

— அந்தக் கேள்விய நான் எங்கிட்டயே கேட்டுப் பாத்துட்டேன். வெள்ளிக்கிழமன்னு ஒங்க உம்மா சொன்னதுல இருந்து எங் கை சில்லுன்னு ஆயிட்டு. நீ கவனிச்சிருப்ப.

— கவனிச்சேன். அப்ப வாயத் தெறங்க.

— வாயாலச் சொல்ல மாட்டேன். சத்தியம். இப்பக் கண்ண மூடு. நெசமாவே மூடு. எங் கை எங்க போவுதுன்னு மட்டும் பாத்துக்கோ. எதுவும் கேக்காத.

— சரி... கைய எங்க கொண்டு போறீய? இது முழங்கைக்கு மேல, உள்பக்கம். ரெண்டு கையிலயுமா? எனக்கு இங்கன ஒண்ணுமில்லயே.

— மூச்சு விடு.

— விலாவுல வைக்கீய. எடது பக்கம். கீழ... இன்னும் கீழ. மாமி, எனக்கு வலி கழுத்துலதான.

— தெரியும், புள்ள.

— இது தொட. பாவாடைக்கு மேலயே இருக்கட்டும்... ஏன் இவ்வளவு நேரம் வச்சிருக்கீய? இப்பப் பாதமா? உள்ளங்காலு. பெருவெரலுக்குக் கீழ. பொட்டு வைக்க மாதிரி ஒத்த வெரலால தொடுதீய. இங்கனயும். இங்கனயும். இங்கன... மாமி, இது என்னது? சிகரெட்டுச் சூடா?

— எதுவும் கேக்காதன்னேன்.

— எல்லாம் துணி மறைக்குற எடம். செருப்பு மறைக்குற எடம். இன்னும் இருக்கா?

— ஒண்ணு இருக்கு. நீ தாங்குவியா?

— வைங்க.

— முக்காட்ட வெலக்குதேன்.

— தொண்டையிலயா வைக்கீய. ரெண்டு கையையும். பெருவெரலு ரெண்டும் முன்னால, குழியில... நீங்க அழுத்தவே இல்ல, ஆனா எனக்கு மூச்சு வர மாட்டேங்கு மாமி. கைய எடுங்க. இல்ல, எடுக்காதீய. கழுத்து எனக்கும்தான வலிக்கி. இது எனக்காவ வச்சதா, அவளுக்காவ வச்சதா?

— ரெண்டு பேருக்கும். அழு. தலகாணியில மூஞ்ச வச்சு அழு. சத்தம் வெளிய போவக் கூடாது. எங் கை முதுகுல இருக்கு. இங்கனயேதான் இருக்கும்.

— பம்ப்பு தலமாட்டுலதான் இருந்திருக்கு மாமி. கை எட்டுத தூரத்துல.

— ம்.

— எம் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சான் அவன், போன வாரம். ஒங்க லாத்தா சாயல் அப்படியே இருக்குன்னான்.

— சஃப்ரின், பாரு. கழுத்தத் திருப்பிட்ட.

— ஆமா. திரும்புது.

— மெதுவா எந்திரி. சடக்குன்னு ஒக்காந்தா தலசுத்தும். இந்தத் தண்ணியக் குடி. வெதுவெதுன்னுதான் இருக்கு.

— நான் இப்பவே வெளிய போயி உம்மாட்ட சொல்லுதேன். ஒங்க பேர இழுக்க மாட்டேன், நானாக் கண்டுபிடிச்சதாச் சொல்லுதேன். கோவக்காரிதான், ஆனா இது தெரிஞ்சா வெள்ளிக்கிழமைய நிறுத்திருவா மாமி. போலீசுக்குப் போணும்னாலும் அவதான் மொதல்ல செருப்பப் போடுவா. ஒண்ணுமே தெரியாம அந்த வீட்டுக்கு என்னயத் தூக்கிக் குடுக்க இருந்தா, பாவம்.

— ஒக்காரு, புள்ள. கதவத் தெறக்காத.

— ஏன் மாமி?

— நான் மறைக்கணும்னு சத்தியம் பண்ணது மய்யித்து ஒடம்புல கண்டத. தண்ணி ஊத்துனவ யாருங்கத இல்ல. அன்னைக்குக் காசிம் பொஞ்சாதி ஊருலயே இல்ல. எங் கைய விட்டுக் கண்ண எடுக்காம, கடைசிச் சொம்பு வரைக்கும் ஊத்துனவ அந்தா, கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சுல ஒனக்காவ ஒக்காந்திருக்கா.